பெலிக்கன் வரும் என்று சொன்ன வெர்னா

வெர்னா ஹீத்தலாவுக்கு அந்த ஃபோனின் நீள அகலம் மார்ச் மாதமே மனப்பாடம். அது கடைக்கு வர இன்னும் எட்டு மாதம் இருந்தது. தயாரிக்கும் கொரியக் கம்பெனியோ அப்படி ஒரு ஃபோன் இருப்பதாகவே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வதந்தி எழுதுகிற தளங்கள் அதற்குப் பெலிக்கன் என்று பெயரும் வைத்துவிட்டன. ஐந்தரை அங்குலத் திரை என்றார்கள். 2012-இல் அது ஃபோனுக்கான அளவே இல்லை. வெர்னா பழைய காலண்டர் அட்டை ஒன்றை அந்த அளவுக்கு வெட்டி, வேலைச் சட்டையின் மேல்பையில் போட்டுக்கொண்டு திரிந்தாள். குனிந்தால் விழுகிறதா, வண்டிக்கு அடியில் படுத்தால் நெஞ்சில் குத்துகிறதா என்று பார்க்கத்தான்.

எங்களுக்கு ஊர் ஹெம்லாக் ஹார்பர். சுப்பீரியர் ஏரியின் தென்கரை, மேல் மிச்சிகன். நானும் அவளும் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், சாலைத் துறைப் பட்டறையில் வேலை பார்த்தோம். அவள் மெக்கானிக். பனி தள்ளும் வண்டிகள் பதினொன்றும் அவள் கையில்தான் பிழைத்துக் கிடந்தன. நான் ரேடியோ அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே போகிறது என்று பார்ப்பவள். என் பெயர் ஆர்லின்.

வெர்னாவுக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் கேட்கும் திறனைக் கொண்டுபோய்விட்டது. அவளுடைய அப்பா மீன்படகு வைத்திருந்தார். படகு இன்ஜினின் மேல் அவள் கையை வைத்து, ஓடும்போது எப்படி இருக்கிறது, இருமும்போது எப்படி இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தார். பிறகு தெற்கே போய் காது கேளாதோர் பள்ளியில் படித்தாள். திரும்பி வந்து பட்டறையில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரமே எனக்குக் கைமொழி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள மூன்று வருடம் ஆனது. அவள் கையால் பேசியதை இங்கே வாயால் பேசியது போலவே எழுதுகிறேன். பத்தொன்பது வருடமாக எனக்கு அது அப்படித்தான் கேட்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் இறைச்சி வைத்து மடித்த பாஸ்டி ரொட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அலுவலகக் கணினியில் வதந்திகளைத் தேடுவாள். ஒரு கை சும்மா இல்லாததால் பாதிச் செய்தி பாஸ்டியோடு சேர்ந்து காற்றில் ஆடும்.

“முன்பக்க கேமரா நல்லா பெருசாம்டீ. பேட்டரி நாள் பூரா தாங்குமாம். கையுறை போட்டுக்கிட்டே தொடலாமாம்.”

“யாரு சொன்னது?”

“வியட்நாம்ல ஃபேக்டரியில வேலை பாக்கிறவனோட மச்சான்.”

“நம்பிக்கையான ஆளுதான்.”

பனி வண்டி ஓட்டுகிற கிளைடு பார்க்கர் சும்மா இருக்க மாட்டார். அட்டையை அவள் பையிலிருந்து உருவித் தன் காதில் வைத்துக் காட்டுவார். “இதைக் காதுல வெச்சா பாதி மூஞ்சி மறைஞ்சிரும். வெர்னாவுக்கு ரொட்டி வெட்டுற பலகை வேணும்னா எங்க வீட்ல ஒண்ணு கிடக்கு, தரேன்னு சொல்லு.”

நான் சொன்னேன். வெர்னா அட்டையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.

“காதுல வெக்கப் போறது யாருன்னு அவர்கிட்ட கேளு.”

கிளைடு அன்று மதியம் முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவளுக்கு இது விளையாட்டு இல்லை. பட்டறையில் வெளிவேலை மெக்கானிக் என்று ஒரு பதவி உண்டு. வழியில் நின்றுபோன வண்டியிடம் பழுது வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்பவர். வெர்னா இரண்டு முறை அதற்கு விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் எங்கள் மேலாளர் எல்வுட் பியர்ஸ் மறுத்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மேலே சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அதற்குமேல் யோசிக்காத மனிதர்.

“உன் வேலையில ஒரு குறை சொல்ல முடியாது வெர்னா. ஆனா அங்க நடுக்காட்டுல நின்னுக்கிட்டு என்னோட பேசணுமே. ரேடியோல கூப்பிட்டா பதில் வரணுமே.”

“குறுஞ்செய்தி அனுப்பறேன்.”

ஒருமுறை அதையும் சோதித்துப் பார்த்தார்கள். பனியில் விரல் மரத்துப்போய் அவள் தட்டிய செய்தி நாற்பது நிமிடம் கழித்து வந்து சேர்ந்தது. அதற்குள் நாங்கள் தவறான குழாயை அனுப்பியிருந்தோம். எல்வுட் அதையே இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் சட்டப்படி புகார் கொடுக்கலாம் என்றார். வெர்னா யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். “புகார் குடுத்தா வேலை கிடைச்சிரும். ஆனா பனியில நின்னு கூப்பிடும்போது அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் நான் சொல்றது புரியாது. அது சரியாகாம வேலை மட்டும் கிடைச்சு என்ன பண்றது?”

அவளுக்கு வேண்டியது கையும் முகமும் தெளிவாகத் தெரிகிற ஒரு திரை. அதைத் தூக்கிச் சுமக்கிற வேகமான நெட்வொர்க். வீட்டுக் கணினியில் அவள் தோழிகளோடு வீடியோவில் மணிக்கணக்காகக் கையால் பேசுவாள். வெளியே வந்தால் எதுவும் இல்லை. சின்ன ஃபோன்களில் விரல்கள் எறும்பு போலத் தெரிந்தன. பழைய நெட்வொர்க்கில் படம் உறைந்து நின்றது.

எங்கள் காட்டுக்குள் சிக்னல் கொடுப்பது த்ரீ பாயிண்ட் செல்லுலார் என்ற உள்ளூர்க் கம்பெனி மட்டும்தான். பதினான்கு கோபுரம். முந்தின வருடம்தான் எல்லாவற்றிலும் வேகமான புது நெட்வொர்க்கைப் போட்டு முடித்தார்கள். தாழ்ந்த அலைவரிசை, மரங்களைத் தாண்டி வெகுதூரம் போகும். ஆனால் அந்த அலைவரிசையைப் பிடிக்கிற நல்ல ஃபோன் ஒன்றுகூட இல்லை. பெரிய கம்பெனிகளின் அலைவரிசை இதற்குப் பக்கத்திலேயே, ஒரு முழம் தள்ளி இருந்தது. ஃபோன் செய்பவர்கள் அவர்களுக்கு மட்டும் செய்தார்கள். சாலை போட்டாகிவிட்டது, ஓட வண்டி இல்லை.

பெலிக்கனும் அப்படித்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். வெர்னா தினமும் போகிற இணைய மன்றத்தில், உள்விஷயம் தெரிந்தவன் என்று பெயரெடுத்த ஒருவன் இருந்தான். ‘கழுகு’ என்பது அவன் அங்கே வைத்துக்கொண்ட பெயர். இரண்டு பெரிய கம்பெனிக்குத்தான் வரும், பேச்சு முடிந்துவிட்டது என்று எழுதினான். வெர்னா அங்கே ‘ஸ்பேனர்’ என்ற பெயரில் எழுதுவாள். அவளுக்குக் காது கேட்காது என்பதோ, அவள் பெண் என்பதோ அங்கே யாருக்கும் தெரியாது. சின்னக் கம்பெனிகளுக்கும் வரலாம் என்று அவள் எழுதியபோது கழுகு கேட்டான்: “உங்க ஊர்ல யாரு ஸ்பேனர் அதை வாங்குவாங்க? கரடியா?”

“இங்க கரடிக்கு இருக்கிற பொறுமை உனக்கு இல்ல” என்று பதில் போட்டாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை. வெர்னா ரேடியோ அறைக்குள் வந்து, நான் பேசிக்கொண்டிருப்பதைக்கூடப் பார்க்காமல், ஒரு காகிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இந்த நாட்டில் எந்த ஃபோனையும் விற்பதற்கு முன் சோதித்து, அந்த அறிக்கையை அரசிடம் கொடுக்க வேண்டும். அறிக்கை பொதுவில் வைக்கப்படும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் யாரும் படிப்பதில்லை. நூற்றுப் பதினாறு பக்கம், முழுக்க எண்கள். வெர்னா சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதைப் படித்திருந்தாள்.

“இந்த வரியைப் பாரு.”

“699லேர்ந்து 716ன்னு போட்டிருக்கு. என்ன அது?”

“அலைவரிசை எண். பெரிய கம்பெனிக்கு மட்டும் செஞ்சா 704ல ஆரம்பிக்கும். 704க்குக் கீழே இருக்கிறது யாரோடது தெரியுமா?”

“யாரோடது?”

“நம்மோடதுடீ.”

அந்த எண்ணை விரலால் இரண்டு முறை தட்டிக் காட்டினாள்.

“அப்ப வந்திருமா?”

“நம்ம அலைவரிசையைப் பிடிக்கிற சக்தியோட ஒரு மாடலைச் செஞ்சிருக்காங்க. மாடல் எண்ணோட கடைசில ஒரு எழுத்து வேற. ஆனா யாராவது கேக்கணும். கேக்காட்டி அதைப் பெட்டியிலயே வெச்சிருப்பாங்க.”

மன்றத்தில் அந்தப் பக்கத்தைப் போட்டாள். ‘எழுத்துப்பிழை’ என்று கழுகு ஒரே வார்த்தையில் முடித்தான். நாற்பது பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். வெர்னா கணினியை அணைத்துவிட்டு, “நாளைக்கு என்னோட வா” என்றாள்.

த்ரீ பாயிண்டின் அலுவலகம் இரும்புச் சாமான் கடையின் மாடியில் இருக்கிறது. கோபுரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் ஹோல்கர் நீமி, காதில் பென்சில் செருகிய நெட்டை மனிதர். வெர்னா பேச, நான் சொன்னேன்.

“அம்மா, எங்களுக்கும் ஆசைதான்” என்றார் ஹோல்கர். “அந்தக் கம்பெனிக்கு ரெண்டு கடிதம் போட்டோம். பதிலே வரல. பெலிக்கன் நமக்கு இல்லன்னு எல்லாத் தளத்துலயும் போட்டிருக்கானே.”

“தளத்துல எழுதறவங்க பேப்பரைப் படிக்கல. நீங்க படிச்சீங்களா?”

நான் அதைச் சற்று மென்மையாகச் சொல்லலாமா என்று தயங்கினேன். வெர்னா என் முழங்கையில் இடித்தாள். அப்படியே சொன்னேன்.

ஹோல்கர் காகிதத்தை வாங்கினார். எண்ணைப் பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து அந்த வரியின் கீழ் கோடு போட்டார். எழுந்து உள்ளறைக்குப் போனார். ஐந்து நிமிடம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

“இருபத்தாறு வருஷமா ரேடியோ வேலை பாக்கிறேன். இது எப்படி என் கண்ணுல படாமப் போச்சு?”

“உங்களுக்கு இது வேலை” என்றாள் வெர்னா. “எனக்கு இது தேவை.”

சின்னக் கம்பெனி ஒன்று மட்டும் கேட்டால் கொரியாக்காரர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றார் ஹோல்கர். வெர்னா அதையும் யோசித்து வந்திருந்தாள். அதே அலைவரிசையை வைத்திருக்கும் ஒன்பது சின்னக் கம்பெனிகளின் பெயரை எழுதிக் கொடுத்தாள். விஸ்கான்சினில் இரண்டு, மெய்னில் ஒன்று, அலாஸ்காவில் ஒன்று என்று. கூடவே எங்கள் மூன்று கவுண்டியிலும் அந்த ஃபோனை வாங்கக் காத்திருப்பவர்களின் பட்டியல். மரம் வெட்டுபவர்கள், வீடு வீடாகப் போகும் நர்சுகள், அவளைப் போலக் காது கேளாதவர்கள் முப்பத்தொரு பேர். ஒவ்வொருவராகப் பார்த்து, வேலை முடிந்த மாலைகளில் எழுதி வாங்கியது. எனக்கே அது தெரியாது.

அந்த ஒன்பது கம்பெனிகளையும் ஹோல்கர் ஒரே கடிதத்தில் சேர்த்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. ‘பரிசீலிக்கிறோம்.’ அவ்வளவுதான்.

அக்டோபரில் பெலிக்கனை மேடையேற்றினார்கள். நாங்கள் ஐந்தாறு பேர் அலுவலகக் கணினியைச் சுற்றி நின்றோம். மேடையில் பேசுபவர் சொல்வதை நான் கைமொழியில் சொல்லிக்கொண்டே வந்தேன். திரை ஐந்தரை அங்குலம்தான். கேமரா, பேட்டரி எல்லாம் வதந்திப்படியே. பிறகு நெட்வொர்க் பட்டியல் வந்தது. இரண்டு பெரிய கம்பெனிகளின் பெயர் மட்டும் இருந்தது.

கிளைடு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மன்றத்தில் கழுகு எழுதியிருந்தான்: “ஸ்பேனர் எங்கே?”

வெர்னா உட்கார்ந்து ஒரே ஒரு வரி அடித்தாள். “இங்கதான். அறிக்கையில இருக்கிற நாலு மாடல்ல இன்னைக்கு மூணுதான் வந்திருக்கு. எண்ணிப் பாரு.” பிறகு ஏழாம் எண் வண்டிக்கு பிரேக் மாற்றப் போய்விட்டாள்.

“உனக்குப் பயமா இல்லியா?” என்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

“இருக்கு. அதான் பிரேக் மாத்தறேன்.”

பன்னிரண்டு நாள் கழித்து, கம்பெனியின் தளத்தில் சத்தமில்லாமல் ஒரு பக்கம் முளைத்தது. நான்காவது மாடல். கடைசியில் அந்த வேறு எழுத்து. கீழே பத்துச் சின்னக் கம்பெனிகளின் பெயர்கள். ஏழாவதாக த்ரீ பாயிண்ட். ஹோல்கரால் ஃபோன் செய்து அவளிடம் சொல்ல முடியாதே; காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி விரல்களால் ஒரு ஆறு, ஒரு ஒன்பது, இன்னொரு ஒன்பது காட்டினார். காட்டியது தப்பு. அவர் காட்டிய ஆறு எங்கள் கைமொழியில் ஆறே இல்லை. ஆனால் வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, கிரீஸ் கையோடு அவரைக் கட்டிப்பிடித்தாள். அவருடைய மேல்கோட்டு அன்றோடு போயிற்று.

மன்றத்தில் மூன்று நாள் கழுகு எதுவும் எழுதவில்லை. நான்காம் நாள் எழுதினான். “நான் படிக்கல, நீ படிச்ச. அடுத்த அறிக்கை வரும்போது எனக்கும் சொல்லிக்குடு.” வெர்னா அதை அச்செடுத்துத் தன் கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினாள்.

நவம்பர் நடுவில் ஃபோன் வந்தது. எனக்கும் ஒன்று வாங்க வைத்தாள். வந்த முதல் நாளே ஒரு வதந்தி செத்தது. கையுறை போட்டுத் தொட்டால் பெலிக்கன் அசையவில்லை. வியட்நாம் மச்சானை வெர்னா கையால் திட்டிய திட்டை நான் இங்கே எழுத முடியாது. பிறகு குனிந்து மூக்கு நுனியால் திரையை அழுத்தினாள். திறந்தது.

“போதும்” என்றாள். “மூக்கு எப்பவும் வெளியதான இருக்கு.”

டிசம்பர் இரண்டாம் வாரம் ஏரியிலிருந்து பெரிய புயல் இறங்கியது. காலை பத்து மணிக்கு கிளைடின் குரல் ரேடியோவில் வந்தது. ஓநாய்மேட்டு ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் இருக்கும் பனி தள்ளும் தகடு கீழே விழுந்து மேலே ஏற மறுக்கிறது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு வேன். சிறுநீரகச் சுத்திகரிப்புக்காக மூன்று பேரை நகரத்துக்கு ஏற்றிப் போகிற வேன். வேறு பாதை கிடையாது.

“தகட்டைத் தூக்கற பம்ப் போச்சு எல்வுட். இழுவை வண்டி அனுப்புங்க” என்றார் கிளைடு.

இழுவை வண்டி வர மூன்று மணிநேரம் ஆகும். வெளிவேலை மெக்கானிக் ஆர்வில் காய்ச்சலில் படுத்திருந்தார். எல்வுட் ரேடியோ அறை ஜன்னல் வழியே பட்டறையைப் பார்த்தார். வெர்னா ஏற்கெனவே கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, பழுது வண்டியின் சாவிக்காகக் கையை நீட்டியபடி நின்றிருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தாள்.

எல்வுட் சாவியைக் கொடுத்தார்.

முப்பத்தைந்து நிமிடத்தில் என் மேசையில் இருந்த பெலிக்கன் அதிர்ந்தது. முதலில் திரை முழுக்க ஒரு பெரிய மூக்கு. பிறகு மூக்கு விலக, வெர்னா. ஃபோனைக் காந்தம் வைத்த தாங்கி ஒன்றில் மாட்டி வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தாள். வாரக்கணக்காக அவளே வெல்டிங் வைத்துச் செய்தது. சுழன்றடிக்கும் பனிக்கு நடுவே இரண்டு கைகளும், பத்து விரல்களும், புருவம் உயர்வதுகூடத் தெரிந்தது. எல்வுட் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“பம்ப் இல்ல” என்றாள் வெர்னா. “பம்ப்பு மேல கை வெச்சுப் பாத்தேன், நல்லா ஓடுது. எண்ணெய் எங்கயோ ஒழுகுது. இருங்க காட்டறேன்.”

ஃபோனைக் கழற்றித் தகட்டுக்குக் கீழே நீட்டினாள். பனியில் எண்ணெய் சிந்திய கறை. அதற்கு மேலே எண்ணெய்க் குழாயைத் தகடு தூக்கும் உருளையோடு சேர்க்கும் பித்தளைத் துண்டில், தலைமுடி அளவு விரிசல். எல்வுட் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“இது நம்ம துண்டே இல்லியே” என்றார். “போன வருஷம் வெளில ஒரு கடையில மாட்டிக் குடுத்தது. அளவு வேற. ஆர்லின், அவகிட்ட சொல்லு, அவ எடுத்துட்டுப் போயிருக்கிற குழாய் இதுக்குச் சேராது. பழுது வண்டியில இடது பக்கம், கீழ் இழுப்பறை. அங்க ஒரு மாத்துத் துண்டு கிடக்கும்.”

நான் சொன்னேன். அவள் போனாள், வந்தாள், துண்டைக் கேமராவின் முன் பிடித்தாள்.

“இதுவா?”

“இதேதான்” என்றார் எல்வுட் திரையைப் பார்த்து, சத்தமாக. பிறகு தானே உணர்ந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அது அவர் வெர்னாவிடம் நேராகக் கையால் பேசிய முதல் வார்த்தை என்று நினைக்கிறேன். பத்தொன்பது வருடத்தில்.

இருபத்திரண்டு நிமிடம். கிளைடு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தகடு மேலே எழும்பியது. வண்டி ஏற்றத்தைப் பிளந்துகொண்டு போனது, வேன் அதன் தடத்திலேயே பின்னால் போனது. அந்த மூன்று பேரும் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக மதியம் தகவல் வந்தது. அழைப்பைத் துண்டிக்கும் முன் கிளைடு தன் முகத்தைத் திரைக்குள் நுழைத்தார். மீசையெல்லாம் பனி.

“ஆர்லின், வெர்னாகிட்ட சொல்லு. அந்த ரொட்டிப் பலகை இனி வேணாம்னு.”

சொன்னேன். பனிக்கு நடுவே அவள் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்காத சிரிப்பு. பட்டறை முழுக்கக் கேட்டது.

எல்வுட் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“பம்ப் போச்சுன்னு கிளைடு ரேடியோல சொன்னாரு” என்றார். “நானும் நம்பி இழுவை வண்டிதான் அனுப்பியிருப்பேன். காது கேக்கிற நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து தப்பாப் பேசியிருக்கோம்.”

ஜனவரியில் ஆர்வில் ஓய்வு பெற்றார். வெர்னா மூன்றாம் முறையாக விண்ணப்பம் எழுதினாள். எல்வுட் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவள் விடவில்லை. படித்துவிட்டுப் போடுங்கள் என்று திருப்பிக் கொடுத்தாள். உட்கார்ந்து இரண்டு பக்கமும் படித்துவிட்டு இரண்டாம் முறை கையெழுத்துப் போட்டார். எல்லா ஓட்டுநர்களுக்கும் பெலிக்கன் வேண்டும் என்று மேலே எழுதிக் கேட்டவரும் அவர்தான்.

அவள் முதல் நாள் பழுது வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது ஓட்டுநர்கள் பத்துப் பேரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். நான் முந்தின நாள் சொல்லிக்கொடுத்தபடி, கைதட்டாமல், இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். காது கேளாதவர்கள் பாராட்டுவது அப்படித்தான். வெர்னா வண்டியை நிறுத்தினாள். ஒவ்வொருவர் கையாகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. கை என்று சொல்ல வேண்டும்.

“கிளைடுகிட்ட சொல்லு” என்றாள் ஜன்னல் வழியாக. “பாராட்டுற மாதிரி இல்ல, கோழி பிடிக்கிற மாதிரி இருக்கு.”

பிறகு கியரைப் போட்டு, ஏரிக்கரைச் சாலையில் வடக்கே திரும்பினாள். பாறைமுனைப் பக்கம் ஒரு வண்டி அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.